கார்பன் கிரெடிட்: ஊருக்கு என்ன மிஞ்சும்?

கார்பன் திட்டங்களைச் சரிபார்க்கும் வேலையில் சில வருடம் இருந்தேன். கேளுங்கள் என்றதும் வந்து குவிந்த கேள்விகளில் சில.

கேள்வி (பெரம்பூர்): விமான டிக்கெட்டோடு ‘கார்பன் ஈடு’ என்று கூடுதலாகக் கேட்கிறார்கள். ஏழைகளுக்குப் போகுமா சார்?

உங்கள் விமானம் விடும் புகைக்கு ஈடாக, வேறெங்கோ ஒரு டன் கரியமில வாயுவைத் தடுத்தாலோ உறிஞ்சினாலோ ஒரு கிரெடிட். அதன் விலையைத்தான் கேட்கிறார்கள். கம்பெனி, தரகர், சரிபார்ப்பவர் (என் சம்பளமும் இதில்தான்) எல்லாரும் எடுத்தது போக மிச்சம்தான் ஊருக்கு.

கேள்வி (அம்பத்தூர்): கியோட்டோ ஒப்பந்தக் காலத்தில் இந்தியாவுக்குக் கோடிக்கணக்கில் வந்ததே?

வந்தது, ஏழைக்கு இல்லை. புகையைக் குறைக்க நாடுகள் போட்ட அந்த ஒப்பந்தப்படி, பணக்கார நாடுகள் நம்மைப் போன்ற நாடுகளிடம் கிரெடிட் வாங்கலாம். ஏசி, ஃப்ரிட்ஜ் வாயு தயாரிக்கும்போது எச்எஃப்சி-23 என்ற கழிவு வாயு வரும். பூமியைச் சூடாக்குவதில் அதில் ஒரு கிலோ, பத்தாயிரம் கிலோ கரியமில வாயுவுக்கும் மேல். எரித்தாலே கிரெடிட் கொட்டியது. ஆலைக்கு லாபம், பக்கத்துக் குப்பத்துக்கு ஒன்றுமில்லை. 2013இல் ஐரோப்பிய ஒன்றியம் அந்த கிரெடிட்டுகளை ஏற்பதை நிறுத்தியது.

கேள்வி (திருவான்மியூர்): அப்போ எல்லாமே ஏமாற்றுதானா அண்ணா?

இல்லை. கர்நாடகத்தில் பாகேபள்ளி கூலிச் சங்கத்தைப் பாருங்கள். கூலி வேலை செய்கிறவர்களும் சிறு விவசாயிகளும் சேர்ந்த சங்கம். 5,500 வீடுகளுக்குச் சாண எரிவாயு என்று திட்டமிட்டார்கள். வீட்டுப் பெண்களுக்கு விறகும் புகையும் குறையும். கென்யாவில் காசி விரிகுடாவில் அலையாத்திக் காட்டைக் காக்கும் ஊர்க்காரர்கள், கிரெடிட் விற்ற பணத்தைக் குடிநீருக்கும் பள்ளிக்கும் செலவிடுகிறார்கள். இரண்டிலும் சங்கம் முதலில், கிரெடிட் அப்புறம்.

கேள்வி (வியாசர்பாடி): விறகு குறைவாக எரியும் என்று கிரெடிட்டுக்காகத் தரும் இலவச அடுப்புத் திட்டம்?

2024இல் பெர்க்லி பல்கலைக்கழக ஆய்வாளர்கள் கணக்குப் பார்த்ததில், அடுப்புத் திட்டங்கள் உண்மையில் குறைத்ததைவிடச் சராசரியாக ஒன்பது மடங்கு அதிகமாக கிரெடிட் வாங்கியிருந்தன. புது அடுப்பு மூலையில் கிடக்க, பழைய மண் அடுப்பில் சோறு பொங்கும். தாளில் மட்டும் புது அடுப்பு எரியும். நன்றாக எரிகிற அடுப்பு கிடைத்தால் அந்த வீட்டுக்கு நல்லதுதான், மறுக்கவில்லை.

கேள்வி (தாம்பரம்): செய்யாறு பக்கம் அப்பாவுக்கு மூன்று ஏக்கர். மரம் நட 30 வருட ஒப்பந்தம் கேட்கிறார்கள். கையெழுத்துப் போடலாமா?

அவசரப்படாதீர்கள் அக்கா. கிரெடிட் யார் பெயரில்? விற்ற விலையில் அப்பாவின் பங்கு எத்தனை சதவீதம், எந்த மாதம் தருவார்கள்? நடுவில் பணம் தேவைப்பட்டால் மரத்தை வெட்டலாமா? 2016 வர்தா மாதிரி ஒரு புயல் சாய்த்துவிட்டால் நஷ்டம் யாருக்கு? வாய்வார்த்தை வேண்டாம், தமிழில் எழுதித் தரச் சொல்லுங்கள். அவர்கள் தயங்கினால், அப்பாவை நிலக்கடலையே போடச் சொல்லுங்கள்.