காரிருளர் குகையில் இருந்த குழந்தைகள்

கேள்வி: கல்லூரி நண்பர்கள் நால்வரும் நானும் ஞாயிறுதோறும் மாலையில் பேரூரில் எங்கள் வீட்டு மொட்டை மாடியில் கூடி, பகடை உருட்டி ஆடும் கதை விளையாட்டு ஒன்றை ஓராண்டாக ஆடி வருகிறோம். கதையை நடத்துபவன் நான். என் கற்பனை உலகத்தில் மலைக் குகைகளில் வாழும் ‘காரிருளர்’ என்ற இனத்தைப் படைத்தேன். கறுத்த மேனி, புரியாத மொழி, பிறவியிலேயே கொடியவர்கள் என்பது விதி. போன வாரம் நண்பர்கள் ஏற்று ஆடும் வீரர்கள் ஒரு குகைக்குள் நுழைந்தபோது உள்ளே குழந்தைகள் மட்டுமே இருந்தார்கள். “வளர்ந்தால் நம்மைக் கொல்வார்கள், விதியிலேயே எழுதியிருக்கிறது, இப்போதே முடித்துவிடலாம்” என்றான் ஒருவன். ஆனைகட்டிக்கு மேலே ஒரு மலைக் கிராமத்திலிருந்து வந்து படிக்கும் நண்பன் எழுந்து போய்விட்டான். அதன்பின் அவன் வரவில்லை. வெறும் விளையாட்டில் நான் செய்த தவறு என்ன? என் உலகத்தை எப்படி மாற்றுவது?

– பெயர் வெளியிட விரும்பாத வாசகர், கோவை

பதில்: அன்புள்ள தம்பிக்கு,

அந்தப் பெயரை ஒருமுறை வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். ‘கார்’ என்ற முன்னொட்டை எடுத்துவிட்டால் மிஞ்சுவது ‘இருளர்’. ஆனைகட்டி மலையிலும் நீலகிரிச் சரிவிலும் தலைமுறை தலைமுறையாக வாழும் மக்களின் பெயர் அது. இருட்டை நினைத்துத்தான் நீங்கள் அந்தப் பெயரை வைத்தீர்கள் என்பதை நம்புகிறேன். ஆனால் மலை, குகை, கறுத்த மேனி, புரியாத மொழி என்று அடுத்தடுத்து நீங்கள் சேர்த்த அடையாளங்கள் எல்லாமே, சமவெளியில் இருக்கும் நாம் மலையில் இருப்பவர்களைப் பற்றி யோசிக்காமலே பேசிவரும் பேச்சிலிருந்து வந்தவை. உங்கள் நண்பர் எந்தச் சமூகத்தைச் சேர்ந்தவர் என்று நீங்கள் எழுதவில்லை, எனக்கும் அது தெரிய வேண்டியதில்லை. அந்த மலைகளிலிருந்து வந்த எவருக்கும், மாடியில் உட்கார்ந்து அந்த வருணனையைக் கேட்கும்போது, கதையில் வருவது தன் ஊர்தான் என்று தோன்றியிருக்கும்.

இந்தச் சிக்கல் உங்களோடு தொடங்கியதும் அல்ல. 1974இல் அமெரிக்காவில் வெளியான டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்தான் இவ்வகை விளையாட்டுகளுக்கெல்லாம் மூத்தது. 1977இல் வந்த அதன் அரக்கர் கையேடு ஒவ்வொரு உயிருக்கும் நேரே அதன் குணத்தை அச்சிட்டது. ஓர்க் என்ற கற்பனை அரக்க இனத்துக்கு அதில் ‘ஒழுங்குடைய தீமை’ என்று இருக்கிறது. 2000இல் வந்த மூன்றாம் பதிப்பிலோ அதே இனம் பெரும்பாலும் ‘ஒழுங்கற்ற தீமை’ உடையதாக மாறிவிட்டது. பிறவிக் குணம் என்று சொல்லப்பட்டது பதிப்பு மாறியதும் மாறியது என்றால், அது அந்த இனத்தின் இரத்தத்தில் இருந்ததல்ல, எழுதியவர் கையில் இருந்தது என்பது விளங்கும். ஓர்க்குகளை இன்று நாம் அறியும் வடிவில் எழுதிய ஆங்கில எழுத்தாளர், ‘லார்ட் ஆஃப் த ரிங்ஸ்’ நாவலைப் படைத்த டோல்கியனுக்கே இதில் மன அமைதி இருக்கவில்லை. தீமையால் எதையும் படைக்க முடியாது, இருப்பதைக் கெடுக்க மட்டுமே முடியும் என்று நம்பிய அவர், அப்படியானால் இவை எங்கிருந்து வந்தன என்ற கேள்விக்கு 1973இல் இறக்கும் வரை முடிவான விடை காணவில்லை. 2020இல் அந்த விளையாட்டின் பதிப்பாளர்களே, ஓர்க்குகளையும், எல்ஃப் என்ற கற்பனை இனத்தின் கரிய பிரிவான டிரோக்களையும் தாங்கள் சித்திரித்த விதம் உண்மையான இனக்குழுக்கள் இழிவுபடுத்தப்பட்ட விதத்தை ஒத்திருந்தது என்று ஒப்புக்கொண்டார்கள்.

“வெறும் விளையாட்டு” என்று எழுதியிருக்கிறீர்கள். உங்கள் விதிப் புத்தகத்தில் இருக்கும் வாக்கியம் நம் நாட்டில் அரசுச் சட்டமாகவே இருந்தது, தம்பி. 1871இல் வெள்ளையர் அரசு கொண்டுவந்த குற்றப்பரம்பரைச் சட்டம் 1911இல் சென்னை மாகாணத்துக்கும் வந்தது. ஒருவர் என்ன செய்தார் என்று பார்க்காமல், எந்தக் குலத்தில் பிறந்தார் என்று பார்த்துக் கைரேகை வாங்கிப் பதிவேட்டில் எழுதினார்கள். இங்கே 1947இல் அது ஒழிந்தது. நாடு முழுவதும் 1952இல்தான் ஒழிந்தது. அந்தப் பதிவேட்டில் பெயர் இருந்தவர்களின் பேரப்பிள்ளைகள் இன்று உங்கள் வகுப்பில் படித்துக்கொண்டிருக்கலாம். “வளர்ந்தால் கொல்வார்கள்” என்று மாடியில் ஒருவர் சொன்னதற்கும் அந்தப் பதிவேட்டுக்கும் பின்னால் இருப்பது ஒரே எண்ணம். அதனால்தான் இதை இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

இனி உங்கள் உலகத்துக்கு வருவோம். எதிரியே இல்லாத கதை எழுதச் சொல்ல மாட்டேன். கொங்கு நாட்டில் பிறந்தவர்களுக்குப் போர்க்கதை புதிதல்ல. சிறு வயதில் காங்கேயத்துப் பக்கம் ஒரு கோயில் வாசலில் விடிய விடிய உடுக்கையடித்துப் பாடிய அண்ணன்மார் கதையைக் கேட்டவள் நான். அதில் நாயகர்களான பொன்னர், சங்கர் என்ற அண்ணன் தம்பிக்கு எதிரிகள், வேட்டுவர் என்னும் வேட்டைக் குலத்தார். அந்த வயதில் வேட்டுவர் என்றாலே கெட்டவர்கள் என்றுதான் எனக்குப் பதிந்தது. பிறகு பெரியவளாகி மறுபடி கேட்டபோதுதான், அவர்கள் தங்கை தங்காள் ஆசைப்பட்ட கிளிக்காக அண்ணன்மார் தரப்பு வேட்டுவர் காட்டுக்குள் போன இடம் காதில் விழுந்தது. காடு அவர்களுடையது, கிளியும் அவர்களுடையது. வயலை அழிக்க வேட்டுவர் ஏவும் கொம்பன் என்ற பன்றிக்குப் பின்னால் அவர்களுக்கு ஒரு நியாயம் இருந்தது. பாடியவர் அதை மறைக்கவில்லை, நான்தான் கேட்கவில்லை. வேட்டுவர் வழிவந்தவர்கள் இன்றும் இதே மண்ணில் நம் அண்டை வீட்டார். அந்தக் கதை பெரிய கதையாக நிற்பதற்கு ஒரு காரணம், இரண்டு பக்கத்துக்கும் இழக்க ஏதோ இருந்தது என்பதுதான்.

அசுரர்களையும் பாருங்கள். இரணியன் பிறந்த குலத்தில்தான் பிரகலாதன் பிறந்தான். மாமரமாய் நின்ற சூரபத்மனை முருகன் வேலால் பிளந்தபோது, ஒரு பாதி மயிலாகவும் மறுபாதி சேவலாகவும் ஆனது. சென்னிமலையிலும் மருதமலையிலும் நாம் கும்பிடும்போது மயிலையும் சேவற்கொடியையும் சேர்த்தே கும்பிடுகிறோம். நம் புராணங்களிலும் ஒருதலையான சித்திரிப்புகள் உண்டு, அதை மறுக்கவில்லை. ஆனால் மாறவே முடியாத பிறவித் தீமை என்ற கருத்தை அவை அவ்வளவு எளிதில் ஏற்கவில்லை.

ஆகவே, தீமையைப் பிறப்பிலிருந்து எடுத்து வேறு ஏதாவது ஒன்றில் வையுங்கள். ஒரு கொடிய தலைவனிடம் செய்த சத்தியத்தில் வைக்கலாம். மழை பொய்த்து மூன்றாண்டு ஆன ஊரின் பசியில் வைக்கலாம். வாய்க்கால் தண்ணீரைத் தடுத்து அணை கட்டியவர்கள் மேல் வளர்ந்த பகையில் வைக்கலாம். கீழ்பவானிப் பாசனத்துத் தண்ணீர் முறைக்காக ஊர்கள் காத்துக் கிடக்கும் கொங்கு நாட்டில் வாழும் உங்களுக்கு இதை எழுத யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அப்படி எழுதினால் வீரர்களுக்கு வாளைத் தவிர வேறு வழிகளும் திறக்கும்: பேசலாம், ஏமாற்றலாம், எதிர்ப்படையில் மனம் கசந்த ஒருவனைத் தம் பக்கம் இழுக்கலாம். பிறவித் தீயவர்களோடு ஆடும்போது பகடையை உருட்டுவது மட்டுமே மிச்சம். யோசிக்காமல் வெட்டிச் சாய்க்க ஏதாவது வேண்டும் என்று நண்பர்கள் கேட்டால், மந்திரத்தால் எழுப்பிய பிணங்களையோ வெறிபிடித்த காட்டுப் பன்றியையோ அனுப்புங்கள். பிள்ளை பெற்று, தாலாட்டுப் பாடி, மொழி பேசும் ஓர் இனத்தை அதற்குப் பயன்படுத்த வேண்டாம்.

நண்பரிடம் நேரில் போங்கள். கைபேசியில் செய்தி அனுப்பி முடித்துவிடாதீர்கள். பெயரை மாற்றிவிட்டதாகவும், அந்த வருணனை எங்கிருந்து வந்தது என்பது இப்போது உங்களுக்குத் தெரிகிறது என்றும் சொல்லுங்கள். மலை மக்களைப் பற்றி உங்களுக்குப் பாடம் நடத்தும் பொறுப்பை அவர் தலையில் ஏற்றாதீர்கள். திரும்பி வருவதும் வராததும் அவர் விருப்பம்.

அந்தக் குகையை அழித்துவிட்டுப் புதிய கதை தொடங்கலாம் என்றும் உங்களுக்குத் தோன்றும். அப்படிச் செய்யாதீர்கள். அடுத்த ஞாயிறு அங்கிருந்தே தொடங்குங்கள். குழந்தைகளுக்குப் பின்னால் இருட்டிலிருந்து ஒரு பாட்டி எழுந்து வரட்டும். வீரர்களின் மொழி அவளுக்குக் கொஞ்சம் தெரியும். அதை அவள் யாரிடம், எதற்காகக் கற்றாள் என்பதை மட்டும் வரும் சனிக்கிழமைக்குள் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.