அடிமாட்டு விலைக்குக் கேட்டாலும் ஆண்டுக் கட்டணம் விடாது

கேள்வி: எனக்கு 43 வயது. பெருங்குடியில் தனியார் நிறுவன வேலை, பிடித்தம் போகக் கைக்கு 82,000 ரூபாய் வருகிறது. வீட்டுக்கடன் இஎம்ஐ 29,500. பழைய டைம்ஷேர் மெம்பர்ஷிப்பை (ரிசார்ட்டுகளில் ஆண்டுதோறும் சில இரவு தங்குவதற்கான பல ஆண்டு உரிமை) விற்கிறவர்கள் இப்போது நிறைய இருக்கிறார்கள், விலையும் ஒரு நிலையில் இல்லை. 2.5 லட்சம், 3 லட்சம் சொல்பவர்களிடம் 70,000-க்குக் கேட்டு வருகிறேன். வேறு யாரும் தட்டிக்கொண்டு போகாமலிருக்க மூன்று பேருக்குத் தலா 10,000 டோக்கன் போட்டுவிட்டேன். ஒருவர் சம்மதித்து, மீதியை இந்த வாரமே கேட்கிறார். அவருடையது நடுத்தர சீசன், ஆண்டுக்கு 7 இரவு, இன்னும் 11 ஆண்டு பாக்கி. ஆண்டுக் கட்டணம் ஜிஎஸ்டியோடு 24,000, பெயர் மாற்றக் கட்டணம் 25,000. இதற்காக ஐந்து மாதம் முன்பு மனைவியின் நகையை வங்கியில் வைத்து 11 சதவீத வட்டிக்கு 3 லட்சம் வாங்கினேன். மூன்றையுமே என் பெயரில் வாங்கச் சொல்கிறார் மச்சான். நாம் போகாத நாட்களை வாடகைக்கு விட்டால் கட்டணம் வந்துவிடும் என்கிறார். பையன் பத்தாவது, பெண் ஏழாவது. மே மாதம்தான் வெளியூர் போக முடியும். விலை இன்னும் இறங்குமா? இன்னும் குறைத்துக் கேட்கலாமா?
— மடிப்பாக்கம் வாசகர்

பதில்: விலை இறங்குமா என்பதை அப்புறம் பார்ப்போம். குறைத்துக் கேட்பதில் தவறே இல்லை, வாயால் கேட்பதற்குக் காசு செலவாகாது. உங்களுக்குக் காசு செலவாவது, கடன் பணத்தைக் கணக்கில் போட்டு வைத்துக்கொண்டு பேரம் பேசுவதால். டோக்கன் 30,000 போக மீதி 2.7 லட்சம் சேமிப்புக் கணக்கில் கிடக்கிறது. வங்கி அதற்குத் தருவது இரண்டரை சதவீதம், நீங்கள் வங்கிக்குத் தருவது 11 சதவீதம். எட்டரை சதவீதம் உங்கள் கையை விட்டுப் போகிறது: மாதம் ஏறக்குறைய 1,900 ரூபாய், ஐந்து மாதத்தில் 9,500. ஓர் ஆண்டு இப்படியே போனால் 23,000. எந்த ரிசார்ட்டிலும் ஒரு ராத்திரிகூடத் தங்காமல் ஓர் ஆண்டுக் கட்டணத்தைக் கட்டி முடித்திருப்பீர்கள்.

இதைவிடப் பெரிய கெடுதல் ஒன்று உண்டு. பணம் தயாராக இருப்பதால்தான் கேட்ட கையோடு டோக்கன் போகிறது. டோக்கன் போனதும், போட்டது வீணாகக் கூடாதே என்று 60,000 அதன் பின்னாலேயே போகப் பார்க்கிறது.

இனி அந்த 70,000. 2.5 லட்சத்தோடு வைத்துப் பார்த்தால் அடிமாட்டு விலைதான். ஆனால் அந்த 2.5 லட்சம் விற்பவர் அன்று கட்டிய பணத்தை நினைத்துச் சொல்லும் எண், சந்தை விலை அல்ல. இதன் மதிப்பை வேறு விதமாகப் போட வேண்டும். நீங்கள் வழக்கமாகத் தங்குகிற தரத்தில் ஓர் அறைக்கு வரியோடு 5,500 என்று வைப்போம். 7 இரவும் தங்கினால் வெளியே 38,500 ஆகும். இங்கே கட்டணம் 24,000. ஆண்டுக்கு 14,500 மிச்சம், 11 ஆண்டுக்கு 1,59,500. பெயர் மாற்றக் கட்டணம் 25,000 போக 1,34,500. ஏழு இரவும் தவறாமல் தங்குகிற குடும்பத்துக்கு 70,000 நியாயமான விலைதான்.

ஐந்து இரவு மட்டும் தங்கினால்? வெளியே 27,500, மிச்சம் 3,500, 11 ஆண்டுக்கு 38,500. பெயர் மாற்றம் போக 13,500. அதற்கு மேல் ஒரு ரூபாய் கொடுத்தாலும் நஷ்டம். நான்கு இரவு என்றால் வெளியே 22,000, கட்டணமோ 24,000. அந்த மெம்பர்ஷிப்பைச் சும்மா கொடுத்தாலும் ஆண்டுக்கு 2,000 கைநஷ்டம், பெயர் மாற்றச் செலவு தனி. பையன் அடுத்த வருடங்களில் பதினொன்று, பன்னிரண்டு. அவன் முடிக்கும்போது பெண் பத்தாவது. உங்கள் வீட்டில் மே மாதத்து நான்கு இரவே பெரிது.

விலைவாசி ஏறுமே என்பீர்கள். ஓட்டல் வாடகையும் ஏறும், ஆண்டுக் கட்டணமும் ஏறும், அதனால் இரண்டையும் இன்றைய ரூபாயிலேயே போட்டிருக்கிறேன். ஒரு வித்தியாசம்: ஓட்டலுக்கு ஒரு வருடம் போகாமல் இருந்துவிடலாம், கட்டணத்துக்கு அந்த வசதி இல்லை. வரியிலும் ஓட்டலுக்குத்தான் சலுகை. 7,500 ரூபாய் வரையிலான அறைக்கு 2025 செப்டம்பர் 22 முதல் ஜிஎஸ்டி 5 சதவீதம். ஆண்டுக் கட்டணத்துக்கு 18. இல்லை, 8,000 ரூபாய் அறையில்தான் தங்குவேன் என்றால் நான்கு இரவுக்கும் கணக்கு மாறும்: ஆண்டுக்கு 8,000 மிச்சம், 11 ஆண்டுக்கு 88,000, பெயர் மாற்றம் போக 63,000. அப்போதும் உங்கள் 70,000 அதிகம்தான். தவிர, நகை அடகில் இருக்கும் வீட்டுக்கு 8,000 ரூபாய் அறையை அளவுகோலாக வைப்பது எனக்குச் சரியாகப் படவில்லை.

இப்போது உங்கள் கேள்விக்கு வருகிறேன். இறங்கலாம். 70,000-ஐ 40,000 ஆக்கினால் 77 இரவுக்கும் பரப்பிப் பார்க்கையில் இரவுக்கு 390 ரூபாய் மிச்சம். ஏழில் மூன்று இரவை வீணாக்கினால், கட்டணம் மட்டுமே இரவுக்கு 3,430-லிருந்து 6,000 ஆகிவிடுகிறது. நீங்கள் பேரம் பேசுவது சின்ன எண்ணை. பெரிய எண்ணில் பேரமே கிடையாது.

விற்பவர்கள் இவ்வளவு இறங்கி வருவதும் இதனால்தான். பிள்ளைகள் வளர்ந்துவிட்டார்கள், முழங்கால் வலி, மலை ஏற முடியவில்லை, கட்டண பில் மட்டும் வருடா வருடம் தவறாமல் வருகிறது. அவருக்கு உங்கள் 70,000-ஐவிட அந்த பில்லிலிருந்து தப்பிப்பதுதான் பெரிய வரவு. அமெரிக்காவில் இதே காரணத்தால் ஒரு டாலருக்கு விளம்பரம் செய்பவர்கள் உண்டு. அங்கே டிஸ்னி போன்ற சில நிறுவனங்கள், உறுப்பினர் மிகக் குறைந்த விலைக்கு விற்றால் அதே விலைக்குத் தாங்களே எடுத்துக்கொள்ளும் உரிமையை ஒப்பந்தத்தில் வைத்திருக்கின்றன. அதனால் அந்த மெம்பர்ஷிப்புகளின் விலை ஓரளவு தாங்கி நிற்கிறது. நீங்கள் வாங்குவதற்கு அப்படித் தாங்கிப் பிடிக்க ஆள் இல்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள். நாளைக்கு விற்கப் போனால், உங்களிடம் 10,000-க்குக் கேட்க இன்னொருவர் வருவார்.

சம்மதித்தவருடையது நடுத்தர சீசன் என்று எழுதியிருக்கிறீர்கள். மே மாதம் மலைப் பகுதிகளுக்கு உச்ச சீசன். அதற்குக் கீழான சீசன் வைத்திருப்பவருக்கு மே மாதத்தில் அறை கேட்கும் உரிமையே இருக்காது. காலியாக இருந்தால், கூடுதல் பணம் கட்டினால் என்று ஏதாவது சொல்வார்கள். இரவுக் கணக்குக்குப் பதில் ஆண்டுக்கு இத்தனை பாயின்ட் என்று கொடுக்கும் முறையாக இருந்தால் அதே அறைக்கு மே மாதத்திலும் சனி, ஞாயிறிலும் பாயின்ட் அதிகம் பிடிக்கும். அந்த எண்ணுக்கு மட்டும் அர்த்தமில்லை. நீங்கள் போகிற ஊர், போகிற வாரம், அதற்கான பாயின்ட் பட்டியலை வாங்கி இரவாக மாற்றிப் பாருங்கள். (ஊட்டி, கொடைக்கானலுக்கு 2024 மே முதல் வண்டிக்கு இ-பாஸ் வேண்டும்; ரிசார்ட்டில் அறை இருப்பது அதற்கு ஈடாகாது.)

விற்பவர் வாயால் சொல்வதை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள். அவருடைய பதிவு செய்த மின்னஞ்சலிலிருந்து நிறுவனத்துக்கு எழுதச் சொல்லுங்கள். பதிலின் நகல் உங்களுக்கும் வர வேண்டும். முதல் கேள்வி, இந்தத் திட்டத்தில் வெளியாருக்குப் பெயர் மாற்ற முடியுமா என்பது. சில திட்டங்களில் குடும்பத்துக்குள் மட்டும்தான் மாற்றலாம். அடுத்தது நிலுவை: விற்பவர் இரண்டு, மூன்று வருடம் கட்டணம் கட்டாமல் விட்டிருந்தால் அது வட்டியோடு நிற்கும், கட்டி முடிக்கும்வரை பெயர் மாறாது, அறையும் கிடைக்காது. இஎம்ஐயில் வாங்கியிருந்தால் அது முடிந்ததற்கான கடிதம். கணவன், மனைவி இருவர் பெயரிலும் இருந்தால் இருவர் கையெழுத்து. ஒருவர் காலமாகியிருந்தால் வாரிசு ஆவணங்கள். பலரும் கோட்டை விடுவது ஒன்று: அடுத்த ஆண்டின் இரவுகளை விற்பவர் முன்கூட்டியே எடுத்து அனுபவித்திருப்பார். 11 ஆண்டு என்று வாங்கினால், முதல் ஆண்டு கட்டணம் மட்டும் உங்களுடையது, இரவுகள் பூஜ்யம். வெளிநாட்டு ரிசார்ட் பரிமாற்றம், சேர்த்து வைத்த இரவுகள் போன்றவை பெயர் மாறும்போது சேர்ந்து வருமா, உதிர்ந்துவிடுமா என்பதையும் அதே கடிதத்தில் கேட்டுவிடுங்கள். இது வீடு, மனைபோலப் பத்திரம் பதிகிற சொத்தல்ல. நிறுவனத்தின் பதிவேட்டில் உங்கள் பெயர் ஏறினால்தான் உண்டு.

மச்சான் சொல்வதற்கு ஒரே வரிப் பதில்: முடியாது. மூன்று மெம்பர்ஷிப் என்றால் ஆண்டுக்கு 72,000, மாதம் 6,000, அதுவும் உங்கள் பெயரில் மட்டும். உறுப்பினர் அறையை வணிகமாக வாடகைக்கு விடுவதைப் பெரும்பாலான ஒப்பந்தங்கள் தடை செய்கின்றன. விருந்தினரை அனுப்பக் கட்டணமும் உண்டு. மே மாத இரவுகளை உங்கள் குடும்பம் எடுத்துக்கொண்டால் மிஞ்சுவது ஜூலை மழைக்கால இரவுகள், அதற்கு வாடகை கொடுப்பவர் யார்? நல்ல வியாபாரம் என்று நம்பினால் அவர் பெயரில் வாங்கட்டும். ஏன் உங்கள் பெயர் என்று வீட்டம்மாவை விட்டே அண்ணனிடம் கேட்கச் சொல்லுங்கள், நீங்கள் கேட்டால் மனஸ்தாபம்.

டோக்கன்கள். சம்மதம் சொல்லாத இருவரிடம் இன்றைக்கே வாட்ஸ்அப்பில் எழுதுங்கள்: “70,000 ரூபாய்க்கு நான் கேட்ட விலையை இன்றுடன் திரும்பப் பெறுகிறேன். யுபிஐ மூலம் அனுப்பிய 10,000 ரூபாயை இதே எண்ணுக்கு ஏழு நாளுக்குள் திருப்பி அனுப்பவும்.” தேதி, பரிவர்த்தனை எண் இரண்டையும் சேருங்கள். எதிராளி ஏற்கும் முன் விலையைத் திரும்பப் பெற 1872-ம் ஆண்டு ஒப்பந்தச் சட்டம் இடம் தருகிறது, அதனால் அவர்கள் ‘சரி’ என்று எழுதும் முன் உங்கள் செய்தி போய்ச் சேர வேண்டும். சம்மதித்தவர் விஷயம் வேறு. அவர் தப்பு ஏதும் செய்யவில்லை. மே மாதத்துக்கு உதவாது என்பதைக் கவனிக்காமல் கேட்டுவிட்டேன் என்று உள்ளதைச் சொல்லி விலகுங்கள். பாதியாவது திரும்பினால் நல்லது. முழுதும் போனாலும் 10,000-தான், அதைக் காப்பாற்ற 60,000 அனுப்பாதீர்கள்.

நாளைக் காலை வங்கிக்குப் போய் 2.7 லட்சத்தையும் நகைக்கடனில் கட்டுங்கள். ஐந்து மாத வட்டி 13,750-ஐ முதலில் எடுத்துக்கொண்டு மீதியை அசலில் வரவு வைப்பார்கள்; பாக்கி 43,750 நிற்கும். கட்டிய அளவுக்கு ஒரு பகுதி நகையை விடுவிப்பார்களா என்று மேலாளரிடம் கேளுங்கள், கேட்காமல் தர மாட்டார்கள். பாக்கியை மாதம் 6,500 வீதம் கட்டினால் ஏழு மாதத்தில், 12 மாதக் கெடுவுக்குள் முடிந்துவிடும். திரும்பி வரும் டோக்கன் பணத்தையும் அதிலேயே போடுங்கள். கெடு வரும்போது வட்டியை மட்டும் கட்டிப் புதுப்பித்துக்கொள்ளலாம் என்ற யோசனை வேண்டாம்.

கடன் முடிந்த மாதத்திலிருந்து 2,500 ரூபாயில் ஒரு தொடர் வைப்பு ஆரம்பியுங்கள். ஆண்டுக்கு 30,000: 5,500 ரூபாய் அறையில் நான்கு இரவு, போக்குவரத்துக்கு 8,000. தமிழ்நாடு சுற்றுலா வளர்ச்சிக் கழகத்தின் ஓட்டல்கள் ஊட்டி, கொடைக்கானல், ஏற்காடு மூன்றிலும் உண்டு. மே மாதத்துக்கு முன்கூட்டியே பதிவு செய்ய வேண்டும், அவ்வளவுதான்.

பெண்ணும் பன்னிரண்டாவது முடித்த பிறகு ஆசை இருந்தால் மறுபடி பேரம் பேசலாம், இதே கணக்கை வைத்து. மிச்சமாகும் தொகையிலிருந்து பெயர் மாற்றக் கட்டணம், நிலுவை இரண்டையும் கழியுங்கள். வருவதில் பாதியைச் சொல்லுங்கள். எழுத்தில் சொல்லுங்கள், ஏழு நாள் கெடு போடுங்கள். நிறுவனத்தின் கடிதம் கைக்கு வரும்வரை டோக்கன் கிடையாது. மீதிப் பணம் பெயர் மாறும் அன்றைக்கு.

ஒரு எச்சரிக்கை. இத்தனை பேரிடம் விலை கேட்டதில் உங்கள் எண் பல கைகளுக்குப் போயிருக்கும். இனி “உங்கள் மெம்பர்ஷிப்புக்கு ஆள் தயார்”, “பழைய டோக்கனை மீட்டுத் தருகிறோம், ஜிஎஸ்டி மட்டும் முதலில் கட்டுங்கள்” என்று அழைப்புகள் வரும். பணம் வாங்கித் தருவதற்கு முன்பணம் கேட்பவரிடம் பேச்சை நீட்டாதீர்கள். தவறி அனுப்பிவிட்டால் தாமதிக்காமல் இணைய மோசடிப் புகார் எண் 1930-க்கு அழையுங்கள். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறீர்களோ அவ்வளவுக்கு அந்தப் பணத்தை வழியிலேயே முடக்க வாய்ப்பு.