ஆர்கானிக் டீயா இருந்தா இரும்புச்சத்தை விட்டுடுமா?

கேள்வி: ஜப்பான்ல ஷிசுவோகா பக்கம் இருக்கோம் டாக்டர். எனக்கு வயசு 34, நாங்க சைவம். பக்கத்துல வயசான தம்பதி ஒருத்தர் சின்னதா தேயிலைத் தோட்டம் வச்சிருக்காங்க, முழுக்க ஆர்கானிக், அவங்ககிட்டதான் 'செஞ்சா'ங்கிற ஜப்பான் கிரீன் டீ வாங்குறேன். வீட்ல தண்ணிக்கு பதிலா அதான், சாப்பாட்டோட சேர்த்து தினம் 6 கப் போயிடும். ஹீமோகுளோபின் 9.8 இருந்துச்சு, ஒரு மாசம் இரும்பு மாத்திரை போட்டும் அப்படியேதான் இருக்கு. டீனால இருக்குமா? மதுரைல மாமியாருக்கு மட்சா பொடி (கிரீன் டீ இலைய அரைச்சது) அனுப்பலாம்னு இருக்கேன், அவங்க இதய வால்வு மாத்தி, ரத்தம் கட்டாம இருக்க வார்ஃபரின் மாத்திரை சாப்பிடுறாங்க.

பதில்: அந்த மாத்திரைய எதுல முழுங்குறீங்கம்மா? நீங்க எழுதல, ஆனா தண்ணிக்கு பதிலா டீனு சொன்னதும் எனக்கு அங்கதான் சந்தேகம். மாத்திரை ஒழுங்கா உடம்புல சேர்ந்திருந்தா ஒரு மாசத்துல 1 கிராமாவது ஏறியிருக்கணும்.

ஆர்கானிக்னா பூச்சிமருந்து, ரசாயன உரம் போடாம வளத்ததுனு அர்த்தம், அவ்ளோதான். ஜப்பான்ல அது விளையாட்டு இல்ல, தேயிலை மாதிரி பல வருஷச் செடிக்கு பறிக்கிறதுக்கு முன்னாடி 3 வருஷமாவது தடை பண்ணின மருந்து எதுவும் பட்டிருக்கக் கூடாது, ஜாஸ்ங்கிற அந்த நாட்டு தர முத்திரை இல்லாம பாக்கெட்ல ஆர்கானிக்னு போடவும் சட்டம் விடாது. நல்ல விஷயம்தான். ஆனா இரும்பைப் பிடிச்சு வைக்கிறது மருந்து இல்லையே, இலையோட சொந்த துவர்ப்பு, கேட்டசின்னு சொல்றது. செஞ்சாவ பறிச்ச உடனே ஆவில காட்டிடுவாங்க, நம்ம நீலகிரி டீ மாதிரி கறுக்க விடுறதில்ல, அதனால அந்த கேட்டசின் அப்படியே இலைல தங்கிடும். சாப்பாட்டோட குடிச்சா கீரை, பருப்புல இருக்கிற இரும்பு அதோட ஒட்டிக்கிட்டு ரத்தத்துக்குப் போகாம வெளிய போயிடும். கறி மீன்ல வர்ற இரும்புக்கு இந்தத் தொல்லை கம்மி, சைவக்காரங்களுக்குதான் ஜாஸ்தி.

அதுக்காக டீய விட வேணாம், நேரத்த மாத்துங்க போதும். சாப்பாட்டுக்கும் மாத்திரைக்கும் முன்னாடி பின்னாடி ஒரு மணி நேரமாவது டீ கிடையாது. மாத்திரைய பச்சத்தண்ணில போடுங்க, இல்ல எலுமிச்சை பிழிஞ்ச தண்ணில, பால்ல வேணாம். சாப்பிடும்போது அங்க மிஸோ சூப்போட டீயும் வைக்கிற பழக்கம் ஒட்டிக்கும்னு தெரியும், அந்த இடத்துல வெந்நி வச்சுக்கோங்க. அப்புறம் எல்லாப் பழியையும் டீ மேல போட்டுடாதீங்க, 34 வயசுல 9.8னா மாதவிடாய்ல ரத்தப்போக்கு அதிகமானு மொதல்ல பாக்கணும், உடம்புல இரும்பு எவ்ளோ சேமிப்புல இருக்குனு காட்டுற ஃபெரிட்டின் டெஸ்ட் எடுங்க. ஹீமோகுளோபின் சரியானதும் நிறுத்தாம இன்னும் 3 மாசம் மாத்திரை ஓடணும்.

காஃபின் பத்தி நீங்க கேக்கல, ஆனாலும். செஞ்சால 100 மில்லிக்கு சுமார் 20 மில்லிகிராம், 6 கப் ஒண்ணும் பெருசில்ல. குழந்தைக்கு பிளான் இருந்தா மட்டும் காபி எல்லாம் சேர்த்து ஒரு நாளைக்கு 200 மில்லிகிராமுக்குள்ள வச்சுக்கோங்க. நிழல்ல வளக்குற கியோகுரோங்கிற கிரீன் டீ வேற கதை, கெட்டியா போடுறதால 100 மில்லில 160 வரைக்கும் இருக்கும்.

மாமியாருக்கு மட்சா வேண்டவே வேண்டாம். செஞ்சால இலைய வடிகட்டிடுறோம், விட்டமின் கே இலையோடயே போயிடும். மட்சா இலைய அரைச்சு முழுசா முழுங்குறது, 100 கிராம்ல சுமார் 2900 மைக்ரோகிராம் கே, ரெண்டு கிராம் போட்டு ஒரு கிண்ணம் அடிச்சாலே 58 ஆச்சு. வார்ஃபரின் வேலையே ரத்தம் உறைய உதவுற விட்டமின் கேவோட வேலைய தடுக்குறது, ஒரு நாள் குடிச்சு ஒரு நாள் விட்டா ஐஎன்ஆர், அதாவது ரத்தம் உறைய ஆகுற நேரத்த வச்சு பாக்குற அளவு, ஊஞ்சலாடும், வால்வு வச்சவங்களுக்கு அது ஆபத்து. கிரீன் டீ சத்து கேப்சூல் யாராவது சொன்னாலும் வேணாம், அதிக அளவுல கல்லீரலையும் படுத்தும். ஆசையா இருந்தா ஹோஜிச்சாங்கிற வறுத்த கிரீன் டீ இலை அனுப்புங்க, தினம் ஒரே அளவா ஒரு கப், அதையும் அவங்க இதய டாக்டர்கிட்ட சொல்லிட்டு.

செஞ்சாவே அனுப்புறதா இருந்தா 70, 80 டிகிரி தண்ணி போதும்னு போன்ல சொல்லிடுங்க. நண்பர் கொண்டு வந்த செஞ்சாவ நானே நம்மூர் டீ மாதிரி தளதளனு கொதிக்க விட்டு பாலும் ஊத்தி ஒரு வாய் குடிச்சேன், மிச்சம் சிங்க்குக்குதான் போச்சு.