பதில்: 80 பேர் வந்தார்கள், பயன் இருந்ததா என்று எப்படிக் காட்டுவது?

வணக்கம். வேளச்சேரியில் உங்கள் குடியிருப்பில் நடத்திய ஆட்டிசம் விழிப்புணர்வு நிகழ்ச்சிக்கு 80 பேர் வந்தும், "அதனால் என்ன மாறியது?" என்று சங்கத்தில் கேட்டபோது பதில் இல்லை என்று எழுதியிருந்தீர்கள். நியாயமான கேள்விதான். தலையை எண்ணுவது பந்திக்குத்தான் உதவும்.

அடுத்த ஏப்ரல் 2, உலக ஆட்டிசம் விழிப்புணர்வு நாளுக்கு, நுழையும்போதே ஒரு துண்டுச்சீட்டு கொடுங்கள். நான்கே கேள்விகள்: சரி, தவறு, தெரியாது. 'தடுப்பூசியால் ஆட்டிசம் வரும்', 'வளர்ப்பு சரியில்லாததால் வரும்' என்பது மாதிரி (இரண்டுமே தவறு). கிளம்பும்போது அதே சீட்டு மறுபடியும். பெயர் வேண்டாம், இரண்டிலும் ஒரே எண் போதும். அப்புறம் இரண்டு மாதம் கழித்து வாட்ச்மேன் அண்ணன், பூங்காவுக்கு வரும் அம்மாக்கள் என்று பத்துப் பேரிடமாவது பேசுங்கள். அறிவு கூடியது சீட்டில் தெரியும். பழக்கம் மாறியது அங்கேதான் தெரியும்.

இன்னொன்று. எங்கள் தெருவில் செண்டை மேளம் வைத்துத் தொடங்கினோம். யாருக்காக நடத்தினோமோ, அந்தப் பிள்ளைகளில் ஒருவன் காதைப் பொத்திக்கொண்டு வெளியே ஓடிவிட்டான். இன்றும் நினைத்தால் கூச்சமாக இருக்கிறது. சத்தமில்லாத ஓர் அறையைத் தனியாக ஒதுக்குங்கள். வெயில் தாழ்ந்து மாலை 5 மணிக்கு மேல் வையுங்கள். ஆட்டிசம் உள்ள பெரியவர் ஒருவரையே பேச அழையுங்கள்.

வாசலில் ஒரு மேசை போட்டு, யூடிஐடி அட்டைக்கும் (மாற்றுத்திறனாளிகளுக்கான அடையாள அட்டை) 1 லட்சம் ரூபாய் வரையிலான நிராமயா மருத்துவக் காப்பீட்டுக்கும் விண்ணப்பிக்க உதவலாம். முட்டுக்காட்டில் பல்வகை மாற்றுத்திறனாளிகளுக்காக உள்ள மத்திய அரசு நிறுவனத்திலும் விசாரித்துப் பாருங்கள்.