‘மூன்று நாளில் ஏற்பு’ என்று வந்த மெயில்: கணித ஆய்விதழ்கள் பற்றி வாசகர் கேள்விகள்

போன மாதம் நாகர்கோவிலில் ஆய்வு மாணவர்கள் கூட்டம் ஒன்றில் கணித ஜர்னல்களைப் பற்றி ஒரு மணி நேரம் பேசினேன். கேள்விகளுக்கு நேரம் போதவில்லை. எழுதி அனுப்புங்கள் என்று சொல்லிவிட்டு வந்தேன், நிறையவே வந்துவிட்டன. ஒரே மாதிரி இருந்தவற்றைச் சேர்த்துப் பதில் எழுதுகிறேன்.

சார், கிராஃப் லேபிளிங்கில் (புள்ளியும் கோடுமான வரைபடங்களுக்கு எண் இடும் பிரிவு) என் முதல் பேப்பரை எழுதி முடித்திருக்கிறேன். ஒரு ‘சர்வதேச’ ஜர்னலிலிருந்து, மூன்று நாளில் ஏற்பு, ஐயாயிரம் ரூபாய் கட்டணம் என்று மெயில் வந்திருக்கிறது. கைடு ‘போட்டுவிடு’ என்கிறார். போடலாமா? (ஆய்வு மாணவி, தக்கலை)

போட வேண்டாம். நான் சொன்னதாகவே உங்கள் கைடிடம் சொல்லுங்கள்.

குளச்சலில் மீன் வாங்கும்போது செவுளைத் தூக்கிப் பார்க்காமல் நாம் காசு கொடுப்பதில்லை. ஜர்னலிலும் அப்படிப் பார்க்க வேண்டிய இடங்கள் உண்டு. முதலில் ஆசிரியர் குழு. அதிலுள்ள இரண்டு மூன்று பேரின் பல்கலைக்கழகப் பக்கத்துக்குப் போய், இந்த ஜர்னலின் பெயரை அவர்கள் எங்காவது குறிப்பிட்டிருக்கிறார்களா என்று பாருங்கள். அவர்களுக்கே தெரியாமல் பெயரைப் போட்டிருப்பதும் நடக்கிறது. அடுத்தது, அதில் ஏற்கெனவே வந்த பேப்பர் ஒன்றை எடுத்து, முதல் தேற்றத்தின் நிரூபணத்தைப் பென்சிலோடு உட்கார்ந்து படியுங்கள். ஓட்டை இருந்தால் உங்களுக்கே தெரியும். அப்புறம், கணிதப் பேப்பர்களைத் தொகுத்து விமர்சிக்க ஜெர்மனியில் 1931-ல் தொடங்கிய சென்ட்ரல்பிளாட்டின் இன்றைய இணைய வடிவமான இசட்பிமேத்தில் (zbMATH) அந்த ஜர்னல் இருக்கிறதா என்று தேடுங்கள். 2021 முதல் அது எல்லோருக்கும் இலவசம், கல்லூரி சந்தா எதுவும் தேவையில்லை.

என் மாணவர் ஒருவர் இப்படித்தான் பணம் கட்டினார். அன்று சாயங்காலமே முத்திரை குத்திய சான்றிதழ் வந்தது. பேப்பரைத் திறந்து பார்த்தால், கூட்டல் குறியான சிக்மா வர வேண்டிய இடமெல்லாம் வெறும் கட்டம். ஒருவர்கூடப் படிக்கவில்லை என்பதற்கு வேறு சாட்சி வேண்டுமா? இரண்டு வருடம் கழித்து அந்த ஜர்னலே இல்லை. அவருடைய தேற்றம் சரியான தேற்றம், நல்ல தேற்றம். அது இப்படிப் போனதே என்று எனக்கு இன்னும் ஆறவில்லை.

இன்னொன்றும் தெரிந்துகொள்ளுங்கள். யுஜிசியின் 2022 விதிமுறைகளில், முனைவர் பட்டத்துக்கு ஆய்வேட்டைக் கொடுக்கும் முன் பேப்பர் வெளியாகியிருக்க வேண்டும் என்ற கட்டாயம் எடுக்கப்பட்டுவிட்டது. ஏற்கத்தக்க ஜர்னல்கள் என்று வைத்திருந்த யுஜிசி-கேர் பட்டியலையும் கைவிடுவதாக 2025 பிப்ரவரியில் அறிவித்துவிட்டார்கள். உங்கள் பல்கலைக்கழகம் தனியாக என்ன கேட்கிறது என்பதை எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். அவசரம் என்று நீங்கள் நினைப்பதில் பாதி அவசரம் இல்லாமலும் போகலாம்.

நல்ல ஜர்னலுக்கு அனுப்பிப் பத்து மாதம் ஆகிறது. ‘அண்டர் ரிவியூ’ என்றே காட்டுகிறது. உள்ளே என்னதான் நடக்கிறது? (கல்லூரி ஆசிரியர், கருங்கல்)

பத்து மாதம் கணிதத்தில் சாதாரணம். பேப்பர் போனதும், ஆசிரியர் குழுவில் அந்தத் துறையைச் சேர்ந்த ஒருவர் கைக்குப் போகும். இதற்காகத்தான் முதல் பக்கத்தில் பாடப்பிரிவு எண் கேட்கிறார்கள். எண்ணியல் என்றால் 11, கிராஃப் லேபிளிங் என்றால் 05சி78. நம் பக்கத்து ஆய்வாளர்கள் பலருக்கு இந்த எண் மனப்பாடமாகவே இருக்கும். அந்த ஆசிரியர் மேலோட்டமாகப் பார்த்து, தேறும் என்று தோன்றினால், பேப்பரைப் படித்துச் சரிபார்க்க ஒரு ரெஃபரியைத் தேடுவார். தேடுவதற்கே ஒரு மாதம் போய்விடும். ஒருவர் முடியாது என்பார், இன்னொருவர் பதிலே போட மாட்டார். ஒத்துக்கொண்டவரும் வகுப்பு, விடைத்தாள் எல்லாம் முடித்துவிட்டு ராத்திரிதான் உங்கள் பேப்பரை எடுப்பார். ஒரு பக்கத்துக்கு ஒரு நாள் பிடிக்கும் நிரூபணங்கள் உண்டு.

என் முதல் பேப்பரை 80-களில் தட்டச்சு செய்து அனுப்பினேன். கிரேக்க எழுத்துகளுக்கு இடம் விட்டு அடித்து, பிறகு கறுப்பு மையில் கையால் எழுதிச் சேர்த்தது. மூன்று பிரதிகள், பதிவுத் தபால். பதினொரு மாதம் கழித்து ஒரு கடிதம் வந்தது. ரெஃபரியின் பெயர் இல்லை, மூன்று பக்கக் குறிப்பு மட்டும். இரண்டாவது துணைத்தேற்றம் n = 4 என்னும்போது பொய்யாகிறது என்று ஒரு எதிர்க்காட்டு வரைந்திருந்தார், பென்சிலில், நான்கு புள்ளியும் ஐந்து கோடும். நான் n = 3 வரை மட்டும் சரிபார்த்துவிட்டு, மீதியும் அப்படித்தான் என்று போயிருக்கிறேன். ஒரு வாரம் சோறு இறங்கவில்லை. பிறகு உட்கார்ந்து திருத்தினேன், தேற்றம் முன்னைவிட வலுவாக வந்தது. அந்த மனிதர் யார் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. ஜர்னல் என்றால் எனக்கு அந்தப் பென்சில் படம்தான். முன்பின் தெரியாத ஒருவர், என் வரிகளை என்னைவிடக் கவனமாகப் படித்திருக்கிறார்.

சீக்கிரம் முடிந்த கதையும் உண்டு. யீதாங் ஜாங் பகா எண் இடைவெளிகளைப் பற்றி 2013 ஏப்ரலில் ‘ஆனல்ஸ் ஆஃப் மேத்தமேட்டிக்ஸ்’ இதழுக்கு அனுப்பிய பேப்பர் மே மாதமே ஏற்கப்பட்டது. அது அபூர்வம். விஷயம் பெரிது என்பதால் ரெஃபரிகள் மற்ற வேலைகளை ஒதுக்கிவிட்டுப் படித்தார்கள்.

உங்கள் விஷயத்தில், எடிட்டருக்கு இரண்டு வரியில் மரியாதையாக ஒரு மெயில் போடலாம். தப்பே இல்லை. நானும் போட்டிருக்கிறேன்.

பேப்பர் வந்தால் எவ்வளவு பணம் கிடைக்கும்? (ஒரு தகப்பனார், ஆரல்வாய்மொழி)

எதுவும் கிடைக்காது. எழுதுபவருக்கும் இல்லை, ரெஃபரிக்கும் பொதுவாக இல்லை. எடிட்டர்களில் பெரும்பாலோர் சம்பளம் இல்லாமல்தான் செய்கிறார்கள்.

ராமானுஜன் முதலில் எந்த ஜர்னலில் எழுதினார்? அதைப் பிளஸ் டூ படிக்கிற நான் படித்தால் புரியுமா? (மாணவன், அருமனை)

மக்களே, ஒரு பகுதி நிச்சயம் புரியும்.

1907-ல் ராமஸ்வாமி ஐயர் என்ற அரசு அதிகாரி, ஆந்திரப் பக்கம் குத்தி (Gooty) என்ற ஊரில் வேலை பார்த்தபோது, கணித ஆர்வலர்களைச் சேர்த்து ஒரு சங்கம் தொடங்கினார். வெளிநாட்டு ஜர்னல்களைத் தனித்தனியாக வாங்க வசதி இல்லாதவர்கள் பணம் சேர்த்து வாங்கி, ஒருவர் மாற்றி ஒருவராகத் தபாலில் சுற்றுக்கு விட்டுப் படிப்பதுதான் திட்டம். அதுவே இந்தியக் கணிதக் கழகம் ஆனது. 1909-ல் சொந்தமாக ஒரு ஜர்னலும் தொடங்கினார்கள். ராமானுஜனின் முதல் ஆய்வுக் கட்டுரை, பெர்னோலி எண்களைப் பற்றியது, 1911-ல் அதில்தான் வந்தது. ஆசிரியர் நாராயண ஐயங்காருக்கு அதை அச்சுக்குக் கொண்டுவருவது லேசான வேலையாக இருக்கவில்லை. ராமானுஜன் படிகளைத் தாண்டித் தாண்டி எழுதுவார். திருத்தச் சொல்லித் திரும்பத் திரும்பக் கேட்டுத்தான் போட்டார். அந்தப் பொறுமைக்கு நாம் கடன்பட்டிருக்கிறோம்.

அந்த ஜர்னலில் வாசகர்களுக்குக் கணக்குக் கொடுக்கும் பகுதி ஒன்று உண்டு. ராமானுஜன் ஐம்பதுக்கு மேல் அதில் கொடுத்திருக்கிறார். 289-ஆம் கேள்வி இது: 1-உடன், 2 பெருக்கல் ஒரு வர்க்கமூலத்தைக் கூட்டு. அந்த மூலத்துக்குள் 1-உடன், 3 பெருக்கல் இன்னொரு மூலம். அதற்குள் 4 பெருக்கல் இன்னொன்று. முடிவில்லாமல் இப்படியே போனால், மொத்தத்தின் வர்க்கமூலம் என்ன?

விடை 3. நோட்டை எடுத்து எழுதிப் பார். 3 என்பது 9-இன் மூலம். 9 என்பது 1 + 2 × 4. அந்த 4 என்பது 16-இன் மூலம், 16 என்பது 1 + 3 × 5. அந்த 5 என்பது 25-இன் மூலம், 25 என்பது 1 + 4 × 6. பிடி கிடைத்துவிட்டதா? (இதை முழு நிரூபணம் ஆக்க இன்னும் கொஞ்சம் வேலை இருக்கிறது. அதைக் கல்லூரியில் படிப்பாய்.) அன்றைக்கு வாசகர் ஒருவரும் விடை அனுப்பவில்லை, கடைசியில் அவரே எழுதினார்.

அந்தப் பழைய ஜர்னல்களில் நம்மூர்க்காரர் யாராவது உண்டா? (ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், வடசேரி)

உண்டு அண்ணாச்சி. பிறந்தது குற்றாலம் பக்கம் வல்லம் என்றாலும், இன்டர்மீடியட் படித்தது நம் நாகர்கோவில் ஸ்காட் கிறிஸ்தவக் கல்லூரியில். எஸ்.எஸ். பிள்ளை, சுப்பையா சிவசங்கரநாராயண பிள்ளை, 1901-ல் பிறந்தவர். பிறகு திருவனந்தபுரத்தில் பி.ஏ. முடித்து, அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் பல வருடம் இருந்தார்.

வாரிங் கணக்கு என்று ஒன்று இருக்கிறது. எந்த முழு எண்ணையும் ஆறாம் அடுக்கு எண்களின் கூட்டலாக எழுத வேண்டும், அதிகபட்சம் எத்தனை எண்கள் தேவைப்படும்? 703-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். 3-இன் ஆறாம் அடுக்கு 729, பெரிதாகிவிடுகிறது. ஆகவே 2-இன் ஆறாம் அடுக்கான 64-ம் 1-ம் மட்டும்தான் கையில். பத்து 64 போட்டால் 640. மீதி 63-க்கு அறுபத்து மூன்று ஒன்றுகள். மொத்தம் 73. இதுவரை யார் வேண்டுமானாலும் செய்யலாம். இதற்குமேல் எந்த எண்ணுக்கும் தேவைப்படாது என்று நிரூபிப்பதுதான் மலை. 1940-ல் பிள்ளை அதை நிரூபித்தார்.

அவருடைய வேலையில் பெரும்பகுதி இந்திய ஜர்னல்களிலேயே வந்தது. வாரிங் கணக்கில் ஒரே சமயத்தில் அமெரிக்காவின் டிக்சனும் தனியாகப் பாடுபட்டார், அவர் பெயரே வெளியில் அதிகம் பேசப்பட்டது. அண்ணாமலைப் பல்கலைக்கழக ஜர்னல் உலகத்தின் எத்தனை நூலகங்களுக்குப் போயிருக்கும்? எந்த ஜர்னலில் எழுதினார் என்பது ஒரு மனிதரின் பெயரை எப்படியெல்லாம் மறைக்கும் என்பதற்கு இவரைவிடப் பொருத்தமான ஆள் எனக்குத் தெரியவில்லை.

ஆனால் ஜர்னலில் போட்டது அழியவும் இல்லை. 1936-ல் இந்தியக் கணிதக் கழக ஜர்னலில், வர்க்கம், கனம் போன்ற அடுக்கு எண்களுக்கு இடையிலான வித்தியாசங்களைப் பற்றி எழுதினார். 9-க்கும் 8-க்கும் வித்தியாசம் 1. 27-க்கும் 25-க்கும் 2. எந்த வித்தியாசத்தை எடுத்தாலும் அது குறிப்பிட்ட சில தடவைக்குமேல் வராது என்பது அவர் ஊகம். வித்தியாசம் 1 என்பதற்கு மட்டும் மிகாய்லெஸ்கு நிரூபணம் கண்டார். அது 2004-ல், பெர்லினில் 1826-ல் க்ரெல்லே என்ற பொறியாளர் தொடங்கிய ஜர்னலில் அச்சானது. 2, 3, 4 என்று மீதி எல்லாம் இன்னும் திறந்தே கிடக்கின்றன.

பிள்ளை 1950 ஆகஸ்ட் 31 அன்று கெய்ரோ அருகே விமான விபத்தில் இறந்தார். அமெரிக்காவுக்கு, உலகக் கணித மாநாட்டுக்குப் போகும் வழியில். 49 வயது. நம் மாவட்டத்து மாணவர்களில் பலருக்கு அவர் பெயர் தெரியாதது எனக்கு வருத்தம்.

பேப்பரில் யார் பெயர் முதலில்? என் கைடு தன் பெயரை முதலில் போடச் சொல்கிறார். (ஆய்வு மாணவர், மார்த்தாண்டம்)

கணிதத்தில் உலக வழக்கம் அகரவரிசை. அதைச் சொல்லி அமைதியாகக் கேட்டுப் பாருங்கள். வேலையே செய்யாத ஒருவர் பெயர் எந்த வரிசையிலும் வரக் கூடாது.

ரெஃபரி பார்த்தபிறகும் தப்பு வருமா? (கல்லூரி ஆசிரியர், குலசேகரம்)

வரும். படிப்பவர் மனிதர்தானே. ஆனால் படிப்பதால் தப்பிப்பது நிறைய. ஃபெர்மாவின் கடைசித் தேற்றத்தை நிரூபித்துவிட்டதாக வைல்ஸ் 1993 ஜூனில் அறிவித்தார், உலகமே கொண்டாடியது. ரெஃபரிகள் ஆறு பேர், அத்தியாயத்தைப் பிரித்துக்கொண்டு படித்தார்கள். அவர்களில் நிக் காட்ஸ் கேட்ட ஒரு கேள்விக்கு வைல்ஸிடம் பதில் இல்லை. ஓட்டை அங்கேதான் இருந்தது. அதை அடைக்க 1994 செப்டம்பர் வரை ஆனது, 1995-ல் ஆனல்ஸில் வெளியானது.

ஹேல்ஸின் கதை வேறு மாதிரி. பந்துகளை நெருக்கி அடுக்கும் கெப்ளர் கணக்கின் நிரூபணத்தை 1998-ல் கொடுத்தார். பன்னிரண்டு ரெஃபரிகள் வருடக்கணக்கில் போராடி, 99 சதவீதம் சரி, கணினிக் கணக்கீடுகளை முழுக்கச் சரிபார்க்க எங்களால் ஆகவில்லை என்றார்கள். ஹேல்ஸ் அந்த ஒரு சதவீதத்தை விடவில்லை. குழு சேர்த்து, கணினியே வரிக்கு வரி சரிபார்க்கும் நிரூபணத்தை 2014-ல் முடித்தார்.

எங்கள் கல்லூரியில் ஜர்னல் வாங்கப் பணம் இல்லை. எப்படிப் படிப்பது? (ஆய்வு மாணவி, பூதப்பாண்டி)

அரசுக் கல்லூரி என்றால் ‘ஒரே நாடு ஒரே சந்தா’ திட்டத்தில் 2025 முதல் பெரிய பதிப்பகங்களின் ஜர்னல்கள் கிடைக்கின்றன, நூலகரிடம் கேளுங்கள். மற்றவர்களுக்கு ஆர்க்கைவ் (arXiv) என்ற இலவச இணையக் களஞ்சியம் இருக்கிறது, 1991-லிருந்து. இன்று வரும் நல்ல கணிதப் பேப்பர்களில் பெரும்பாலானவை அச்சுக்கு முன்பே அங்கே இருக்கும்.

விலை பற்றிக் கணிதக்காரர்கள் சும்மா இருக்கவும் இல்லை. ‘டோபாலஜி’ ஜர்னலின் ஆசிரியர் குழு 2006-ல் விலையை எதிர்த்து மொத்தமாக ராஜினாமா செய்து, 2008-ல் வேறொரு ஜர்னலைத் தொடங்கியது. எலக்ட்ரானிக் ஜர்னல் ஆஃப் காம்பினடோரிக்ஸ் 1994-லிருந்தே எழுதவும் இலவசம், படிக்கவும் இலவசம். அதில் காலியன் தொடர்ந்து புதுப்பித்துவரும் கிராஃப் லேபிளிங் தொகுப்பு அறுநூறு பக்கத்தைத் தாண்டிவிட்டது. தமிழ்நாட்டுப் பெயர்கள் அதில் ஏராளம். தக்கலை மாணவியும் இதைப் படிக்கட்டும். உங்கள் முடிவு ஏற்கெனவே வந்துவிட்டதா என்று அதில் பார்த்துவிட்டுத்தான் அனுப்ப வேண்டும்.

முதல்முறையாக ஒரு ஜர்னல் என்னை ரெஃபரியாக இருக்கக் கேட்டிருக்கிறது. எப்படி எழுதுவது? (உதவிப் பேராசிரியர், கொட்டாரம்)

ரொம்பச் சந்தோஷம். முதல் பத்தியில், பேப்பர் என்ன சொல்கிறது என்பதை உங்கள் வார்த்தையில் எழுதுங்கள். அதை எழுத வரவில்லை என்றால் பேப்பர் இன்னும் பிடிபடவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். பிறகு நிரூபணத்தைச் சின்ன எண்களில் போட்டுப் பாருங்கள், 2, 3 என்று நிறுத்தாமல் 4, 5 வரைக்கும். தப்பு கண்டால் பக்கம், வரி எண்ணோடு சொல்லுங்கள், முடிந்தால் எதிர்க்காட்டும் கொடுங்கள். எழுதியவர் மாணவராக இருக்கலாம், கடுமையான சொல் வேண்டாம். நேரம் இல்லை என்று தெரிந்தால் இன்றைக்கே எடிட்டருக்கு முடியாது என்று எழுதிவிடுங்கள். அந்தப் பக்கம் ஒருவர் ஏற்கெனவே சில மாதமாகக் காத்திருக்கிறார்.