காணொளி வழியாகத் தாலி கட்டினால், கனடாவுக்கு மனைவியை ஸ்பான்சர் செய்ய முடியுமா?

நீங்கள் கேட்டிருப்பது இது: நீங்கள் கனடாவில் பி.ஆர். (நிரந்தர வசிப்புரிமை) பெற்று ஒன்டாரியோ மாகாணத்தின் பிராம்டனில் வேலை பார்க்கிறீர்கள். பெண் திருச்சியில் இருக்கிறார். விடுப்புக் கிடைப்பது கடினமாக இருக்கிறது. ஆகவே வருகிற தை மாதம் காணொளி வழியாகவே முகூர்த்தத்தை முடித்து, சார்பதிவாளர் அலுவலகத்தில் எப்படியாவது பதிவும் செய்து, சான்றிதழ் கைக்கு வந்ததும் ஸ்பான்சர் விண்ணப்பத்தைப் போட்டுவிடலாம் என்று இரு வீட்டாரும் சொல்கிறார்கள். அது செல்லுமா என்றால், கனடாவைப் பொறுத்தவரை செல்லாது. சான்றிதழ் எவ்வளவு சுத்தமாக இருந்தாலும் செல்லாது.

இதில் பெரும்பாலானோர் குழம்புவதற்குக் காரணம், இரண்டு கேள்விகளை ஒன்றாகப் போட்டுக் கொள்வதுதான். அந்தத் திருமணம் சட்டப்படி செல்லுமா என்பது ஒரு கேள்வி. குடிவரவு விதிகளின்படி அந்தப் பெண் உங்கள் மனைவியாகக் கருதப்படுவாரா என்பது வேறு கேள்வி. முதல் கேள்விக்கு 'ஆம்' என்று பதில் கிடைத்தும் இரண்டாவதற்கு 'இல்லை' என்று வரக்கூடும். திருமணம் நடந்த நாட்டுச் சட்டப்படியும் கனடாச் சட்டப்படியும் செல்ல வேண்டும் என்பது பழைய நிபந்தனை. அதற்கு மேல், 2015 ஜூன் 11 முதல் இன்னொரு நிபந்தனை சேர்ந்தது: சடங்கு நடந்த நேரத்தில் மணமக்களில் ஒருவரோ இருவருமோ அங்கே நேரில் இல்லாமல் இருந்தால், அந்த உறவு கணவன் மனைவி உறவாக எடுத்துக்கொள்ளப்படாது. கனடாவின் குடிவரவு, அகதிகள் பாதுகாப்பு விதிகளில் 5-ஆவது விதியும் 117(9)(சி.1) விதியும் இதைச் சொல்கின்றன. பிரதிநிதியை வைத்து நடத்தியது, தொலைபேசியில் நடத்தியது, இணையத்தில் நடத்தியது எல்லாம் இதற்குள் அடக்கம். கனடா ராணுவத்தில் பணிபுரிபவர் அந்தப் பணியின் காரணமாகச் சடங்குக்கு வர இயலாமல் போனால் மட்டுமே விலக்கு உண்டு. மேலதிகாரி விடுப்பு மறுத்தார், டிக்கெட் விலை ஏறிவிட்டது, ஜோசியர் வேறு தேதி தரவில்லை என்பவற்றுக்கெல்லாம் இடமில்லை.

இதைக் கொண்டுவந்தபோது அரசு சொன்ன காரணம் கட்டாயத் திருமணங்களைத் தடுப்பது. எங்கோ ஓர் அறையில் உட்கார்ந்திருக்கும் பெண் மனம் ஒப்பித்தான் சம்மதித்தாரா, அவர் அந்த இடத்தில் இருந்தாரா என்பதையே ஓர் அதிகாரியால் பின்னாளில் கண்டுபிடிக்க முடியாது என்பது வாதம். அந்த நோக்கம் நியாயமானதே. ஆனால் கைநிறையப் படங்களும் ஆண்டுக்கணக்கான உரையாடல்களும் வைத்திருக்கும் உண்மையான தம்பதியரையும் அதே விதி வெளியே நிறுத்துகிறது என்பதும் உண்மை. விதியை எழுதியவர்கள் அதிகாரிக்கு விருப்புரிமை எதையும் விட்டுவைக்கவில்லை. ஆகவே 'எங்கள் உறவு உண்மையானது' என்று நிரூபிப்பதால் இந்த இடத்தில் பயனில்லை. உறவு உண்மையா என்பது 4-ஆவது விதியின் கேள்வி; அந்தப் படிக்கு நீங்கள் போய்ச் சேரவே மாட்டீர்கள்.

பிறகு சேர்ந்து வாழ்ந்தால் சரியாகிவிடாதா என்று கேட்பவர்கள் பெரும்பாலும் அமெரிக்காவில் இருக்கும் உறவினரின் அனுபவத்தைக் கேட்டு வந்தவர்கள். அங்கே விதி வேறு. அமெரிக்கக் குடிவரவுச் சட்டமும் இருவரும் ஒருவர் முன் ஒருவர் இல்லாமல் நடந்த திருமணத்தை ஏற்பதில்லைதான். ஆனால் சடங்குக்குப் பிறகு தாம்பத்திய உறவு ஏற்பட்டுவிட்டால் அந்தத் தடை நீங்கிவிடும் என்று அதே வரியிலேயே விலக்கும் தருகிறது. அதனால்தான் யூட்டா மாநிலத்தின் யூட்டா மாவட்டத்தில் இணையவழி மணம் முடித்தவர்கள், பின்னர் நேரில் சந்தித்துக்கொண்டதற்கான சான்றுகளோடு அமெரிக்காவில் விண்ணப்பிக்கிறார்கள். கனடாவின் விதியில் அப்படி ஒரு வாசல் இல்லை. அது பார்ப்பது சடங்கு நடந்த அந்த நேரத்தை மட்டுமே.

'எங்களிடம் நீதிமன்றத் தீர்ப்பே இருக்கிறது' என்று சிலர் சொல்வதையும் பார்க்கிறேன். 2022 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை, மணமகன் அமெரிக்காவில் இருக்க, கன்னியாகுமரி மாவட்டத்தில் இருந்த மணமகளுக்குச் சிறப்புத் திருமணச் சட்டத்தின் கீழ் காணொளி வழியாகத் திருமணத்தை நடத்திவைக்கச் சார்பதிவாளருக்கு உத்தரவிட்டது. மணமகனிடம் அதிகாரப் பத்திரம் பெற்றிருந்த மணமகளே பதிவேட்டில் அவருக்கும் சேர்த்துக் கையெழுத்திடலாம் என்றும் அது சொன்னது. இந்தியச் சட்டத்தைப் பொறுத்தவரை நல்ல தீர்ப்பு. ஆனால் அதே மணமகன் கனடாவில் இருந்திருந்தால் அந்தச் சான்றிதழை வைத்து மனைவியை அழைத்திருக்க முடியாது. சடங்கை நடத்தலாம் என்றுதான் நீதிமன்றம் சொன்னது; இன்னொரு நாடு தன் விசாவுக்கு என்ன கேட்க வேண்டும் என்று அது சொல்லவில்லை, சொல்லவும் இயலாது.

என் சித்தி மகளின் திருமணம் இதற்கு நேர் உதாரணம். 2021-இல் ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை இந்தியாவிலிருந்து கனடாவுக்கு நேரடி விமானங்களை நிறுத்திவைத்திருந்தார்கள். முகூர்த்தத்தைத் தள்ளிவைக்கப் பெரியவர்களுக்கு மனம் வரவில்லை. தஞ்சாவூரில் காலை ஏழரை மணி முகூர்த்தம். மாப்பிள்ளைக்கு டொராண்டோவின் ஸ்கார்பரோவில் முந்தைய நாள் இரவு பத்து மணி. பட்டு வேட்டி கட்டிக்கொண்டு மடிக்கணினி முன்னால் உட்கார்ந்திருந்தார். வழக்கமாக நாத்தனார் பின்னால் நின்று முடிச்சுப் போட உதவுவார் அல்லவா, இங்கே மூன்று முடிச்சையும் நாத்தனாரே போட்டார். மாப்பிள்ளைக்குப் பதிலாக அவருடைய கட்டாரியை (குத்துவாளை) வைத்துத் தாலி கட்டிய ஜமீன் குடும்பங்களின் பழைய வழக்கத்தைச் சொல்லி ஒரு பெரியவர் எல்லோரையும் சமாதானப்படுத்தினார். விசா வேலை பார்க்கும் உள்ளூர் முகவர், சான்றிதழ் ஒன்று வாங்கிவிட்டால் போதும் என்றார். நல்ல வேளையாக, டொராண்டோவில் ஒரு வழக்கறிஞர் விதியை எடுத்துக் காட்டி நிறுத்தினார். பதிவு செய்யவில்லை. விமானம் திறந்ததும் மாப்பிள்ளை ஊருக்குப் போனார். கோயிலில் நேரில் தாலி கட்டினார். அந்தத் தேதியைப் போட்டுத்தான் பதிவு நடந்தது. விண்ணப்பத்தோடு, முன்பு காணொளியில் என்ன நடந்தது என்பதை மறைக்காமல் விளக்கி ஒரு கடிதமும், அந்த வருகைக்கான குடிவரவு முத்திரை உள்ள பாஸ்போர்ட் பக்கத்தின் நகலும் இணைத்தார்கள். சித்தி மகள் கனடா வந்து சேர்ந்துவிட்டார்.

அவர்கள் முதல் சடங்கைப் பதிவு செய்யாமல் விட்டதுதான் இதில் கவனிக்க வேண்டியது. காணொளித் திருமணம் வெறுமனே பயனற்றது என்றால் நான் இவ்வளவு அழுத்திச் சொல்ல மாட்டேன். பதிவாகிவிட்டால் அது இடைஞ்சலாகவும் மாறக்கூடும். ஏற்கெனவே பதிவான தம்பதியருக்கு மீண்டும் ஒரு திருமணத்தைப் பதிவு செய்யச் சார்பதிவாளர் தயங்குவார். உங்களுக்கோ நேரில் நடந்த சடங்கின் தேதி உள்ள சான்றிதழ் தேவைப்படும். இதில் மாட்டிக்கொண்டவர்களுக்கு மிஞ்சுவது, ஓராண்டு தொடர்ந்து ஒரே வீட்டில் சேர்ந்து வாழ்ந்து, திருமணம் செய்யாத இணையர் என்ற பிரிவில் விண்ணப்பிப்பது. கனடாவில் ஒருவர், திருச்சியில் ஒருவர் என்றிருக்கும்போது அந்த ஓராண்டு எங்கிருந்து வரும்? சேர்ந்து வாழவோ மணக்கவோ இயலாத தடை இருப்பவர்களுக்கென்று இன்னொரு பிரிவு உண்டு. விடுப்புக் கிடைக்காததை அங்கே தடையாக ஏற்க மாட்டார்கள்.

விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டால் மேல்முறையீடு செய்யலாமே என்ற நம்பிக்கையும் வேண்டாம். குடிவரவு மேல்முறையீட்டுப் பிரிவுக்குப் போகும் உரிமை ஸ்பான்சருக்கு உண்டு. ஆனால் கனடாவின் குடிவரவு, அகதிகள் பாதுகாப்புச் சட்டத்தின் 65-ஆவது பிரிவின்படி, அழைக்கப்படுபவர் குடும்ப வகுப்பை (ஸ்பான்சர் செய்யத் தகுதியுள்ள உறவினர் பிரிவை)ச் சேர்ந்தவர் என்று முதலில் முடிவானால்தான் மனிதாபிமானக் காரணங்களை அவர்கள் பார்க்க முடியும். சடங்கில் நீங்கள் நேரில் இல்லை என்பது உங்கள் வாயாலேயே ஒப்புக்கொண்ட செய்தியாக இருக்கும்போது, அங்கே வாதாட ஒன்றும் மிஞ்சாது. 25-ஆவது பிரிவின் கீழ் கருணை அடிப்படையில் கேட்பது ஒன்றுதான் வழி. அது நீண்ட வழி; முடிவும் நம் கையில் இல்லை.

ஆகவே என் யோசனை எளிமையானது. பத்து நாள் விடுப்பாவது எடுத்துப் போய்வாருங்கள். கோயிலில் சிறியதாக நடத்தினாலும் போதும். ஒன்றை மட்டும் கவனியுங்கள்: சிறப்புத் திருமணச் சட்டத்தின் வழியில் போனால் 30 நாள் அறிவிப்புக் காலம் உண்டு, குறுகிய விடுப்புக்கு அது ஒத்துவராது. இந்து முறைப்படி சடங்கு நடத்திப் பதிவு செய்வதே விரைவானது. தமிழ்நாட்டின் 2009-ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டம் திருமணத்திலிருந்து 90 நாள் அவகாசம் தருகிறது. கூடுதல் கட்டணத்தோடு இன்னும் 60 நாள். சடங்கே இல்லாமல் சான்றிதழ் மட்டும் வாங்கிக்கொள்ளும் யோசனையையும் விட்டுவிடுங்கள். விசா போன்ற தேவைகளுக்காக அப்படிப் பெறும் சான்றிதழால் இந்துத் திருமணம் உண்டாகிவிடாது என்று 2024-இல் உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது. உறவினர்கள் நேரலையில் பார்ப்பதிலோ, நிச்சயதார்த்தத்தைக் காணொளியில் நடத்துவதிலோ எந்தச் சிக்கலும் இல்லை. மணமக்கள் இருவரும் சடங்கில் நேரில் இருக்க வேண்டும், அவ்வளவே.

உங்களால் போகவே முடியாது என்றால் மணப்பெண் பார்வையாளர் விசாவில் வந்து இங்கே மணம் முடிக்கலாம். ஒன்டாரியோவில் திருமண உரிமம் வாங்க இங்கே வசிப்பவராக இருக்க வேண்டிய கட்டாயம் இல்லை. உரிமம் மூன்று மாதம் செல்லும். ஆனால் விசா கிடைப்பது உறுதியில்லை. வருகையின் நோக்கம் திருமணம் என்பதை மறைக்கவும் கூடாது. அமெரிக்காவைப் போல நிச்சயிக்கப்பட்டவருக்கான தனி விசாவும் இப்போது கனடாவில் இல்லை. 2002-இல் புதிய சட்டம் வந்தபோது அந்தப் பிரிவு நின்றுபோனது.

'காணொளித் திருமணத்தை முதலில் முடித்துவிட்டு, படிவத்தில் அதைச் சொல்லாமல் விட்டால் என்ன?' என்று நீங்கள் கடைசியில் கேட்டிருப்பதற்கும் பதில் சொல்லிவிடுகிறேன். சான்றிதழில் உள்ள தேதியில் நீங்கள் எந்த நாட்டில் இருந்தீர்கள் என்பது உங்கள் பாஸ்போர்ட்டிலேயே தெரியும். பொய்யான தகவல் என்று முடிவானால், அதே குடிவரவுச் சட்டத்தின் 40-ஆவது பிரிவின்படி அந்தப் பெண்ணுக்கு ஐந்தாண்டுகள் கனடாவின் கதவு மூடப்படும். பத்து நாள் விடுப்புக்காக அந்த ஐந்தாண்டுகளைப் பணயம் வைக்காதீர்கள்.