கொடையில் மூன்று மைக்கும் சேர்ந்தால் இரைச்சல்

அண்ணாச்சி, வள்ளியூர்ப் பக்கம் கோயில் கொடை விழாவில் வில்லுப்பாட்டுக்குப் போட்ட மூன்று வயர்லெஸ் மைக்கும் தனித்தனியாகச் சுத்தமாக இருக்கிறது, சேர்த்துப் போட்டால் இரைகிறது என்று கேட்டிருந்தீர்கள். மைக் கெட்டுப்போகவில்லை. நீங்கள் மைக்குகளுக்கு வைத்திருக்கும் 520, 521, 522 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசைகள்தான் சிக்கல்.

மைக்கிலிருந்து அலையை அனுப்பும் டிரான்ஸ்மிட்டர்கள் நெருக்கமாக இருந்தால் அவற்றின் அலைகள் கலந்து புது அலை பிறக்கும். 521-ஐ இரட்டித்து 520-ஐக் கழியுங்கள்: 522. மூன்றாவது மைக்கின் தலையிலேயே வந்து விழுகிறது. வில்லுக்குப் பின்னால் தோளோடு தோள் உரசி உட்காருகிறவர்களுக்கு இது இன்னும் மோசம். 520, 521, 523 என்று இடைவெளியைச் சமமில்லாமல் வையுங்கள்.

அப்புறம், மைக்கின் அலையை வாங்கும் ரிசீவரை மேடைக்குப் பின்னால் ஆம்ப்ளிஃபயர் அடுக்கில் வைக்காதீர்கள். நடுவில் வரும் மனித உடம்பு அலையை விழுங்கும். பாடுகிறவர்களுக்கு எதிரே, ஆள் உயரத்தில், நடுவில் மறைப்பில்லாமல் இருக்கட்டும். சீரியல் லைட்டை எல்லாம் எரியவிட்டு, மைக்குகளை அணைத்துவிட்டு ரிசீவரின் சிக்னல் விளக்கைப் பாருங்கள். அப்போதும் எரிந்தால் அந்த அலைவரிசையில் வேறு ஏதோ நுழைகிறது, மாற்றிவிடுங்கள்.

குடத்துக்கும் உடுக்கைக்கும் வயர் மைக்கே போதும். நள்ளிரவில் நடக்கும் சாமக்கொடைக்கு முன் பேட்டரியை மறக்காமல் மாற்றிவிடுங்கள்.